சுவருக்கு இந்தப் பக்கம் கேட்ட குரல்

பீர் மைதீன் அண்ணாச்சி பதினோரு வருஷமாக ஒரு சினிமாவைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் ‘திரைக்கொடி’ பத்திரிகையில் அவருடைய தபால் கார்டு விமர்சனம் வராத வாரம் அபூர்வம். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்தது ஆச்சரியம் இல்லை, எரிச்சல். ஏனென்றால் அதே பத்திரிகைக்கு நானும் எழுதிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை பார்த்து, நோட்டில் குறிப்பெடுத்து, மூன்று பக்கம் எழுதி அனுப்புவேன். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை அதில் நாலு வரி போடுவார்கள். அடியில் ‘தென்காசி சம்பந்தன்’ என்று என் பெயர் இருக்கும். அதற்கு மேலேயே ‘பீ.மை., தென்காசி’ என்று ஒரு ஆள் எட்டு வரிக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான். யார் இவன், நம்ம ஊரில் நமக்குத் தெரியாமல்?

என் முழுப்பெயர் ஞானசம்பந்தம். 1979-ல் தாலுகா ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தேன். வயது இருபத்துநாலு. அந்த வயதில், என்னைவிட சினிமா தெரிந்தவன் ஊருக்குள் இன்னொருத்தன் இருக்கலாம் என்கிற நினைப்பே எனக்குச் சோற்றை இறங்கவிடாது.

மேலகரம் போகிற ரோட்டில் சண்முகவிலாஸ் டாக்கீஸ் இருந்தது. அதன் சைக்கிள் ஸ்டாண்டு, திரைக்குப் பின்பக்கச் சுவரை ஒட்டிப் போட்ட ஓலைச் சாய்ப்பு. ஒருநாள் மாட்டினி முடிந்து சைக்கிள் எடுக்கப் போனபோது சாரல் பிடித்துக்கொண்டது. ஒதுங்கி நின்றேன். ஸ்டாண்டுக்காரர் யாருடைய சைக்கிள் சீட்டின் மேலோ ஒரு தபால் கார்டை வைத்து, நின்றபடியே எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. அடியில் கையெழுத்து: பீ.மை.

“அண்ணாச்சி, நீங்களா அது?”

“எது?”

“திரைக்கொடியில எழுதுறது.”

“ஆமா. ஏன், எதும் தப்பா எழுதிட்டேனா?”

“நான் எல்லாப் படத்துக்கும் வாரேன். உங்கள உள்ள பாத்ததே இல்லையே. எந்த ஆட்டம் பாப்பீங்க?”

“நான் எங்கன பாக்க? ஆட்டம் ஓடும்போது இங்கன ஆள் வேணும்லா. அறுபத்தெட்டுல ஒருக்கா, கடைசிக் கட்டத்த மட்டும் பாப்போமேன்னு உள்ள போனேன். வந்து பாத்தா ரெண்டு சைக்கிளக் காணோம். அதோட சரி.”

“பின்னே எப்படி எழுதுதீங்க?”

அவர் சுவரைக் கையால் தட்டினார். “கேக்குதுல்லா?”

கேட்டது. ஸ்பீக்கர் அந்தச் சுவரின் மறுபுறம்தான். மேலே காற்றுக்கு விட்ட நாலு ஓட்டை வழியாக ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்து விழுந்தது. ஒரு படம் ஐம்பது நாள் ஓடினால் அண்ணாச்சி அதை நூற்றைம்பது தடவை கேட்டிருப்பார்.

அதற்குப் பிறகு அவர் கார்டுகளைப் பொறாமை இல்லாமல் படிக்க முயன்றேன். முடியவில்லை. நான் ‘நடிப்பின் சிகரம்’, ‘காவியம்’ என்று எழுதுவேன். அவர் எழுதுவார்: ‘வில்லன் இந்தப் படத்தில் ஆறு தடவை சிரிக்கிறார். ஐந்தாவது சிரிப்பில் அவருக்கே களைத்துவிட்டது.’ இன்னொன்று: ‘கதாநாயகர் இந்தப் படத்தில் அடிக்கிற சத்தமும் போன படத்தில் அடித்த சத்தமும் ஒன்றாக இருக்கிறது. அதே ஆளைத்தான் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறாரா?’ இதைப் படித்துவிட்டு ஆபீஸில் தலையாரி முதல் தாசில்தார் வரை சிரித்தார்கள். என் மூன்று பக்கத்தைப் படித்து யாரும் சிரித்ததும் இல்லை, அழுததும் இல்லை.

ஆள் ஒரு இடத்தில் நிற்கமாட்டார். ஸ்டூல் ஒன்று கிடக்கும், அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது கிடையாது. ஆட்டம் ஓடுகிற நேரம் முழுக்க சைக்கிள் வரிசைகளுக்கு நடுவே நடை. வசனம் நன்றாக இருந்தால் நடை வேகமாகும். மோசமாக இருந்தால் அதைவிட வேகமாகும். அவர் மனைவி நூருன்னிசா ஒருதடவை என்னிடம் சொன்னார்கள்: “வீட்டுலயும் இப்படித்தான் தம்பி. சோறு வச்சா பாதியில எந்திரிச்சு நடக்காவ. என்னன்னு கேட்டா, அந்தப் பய அப்படிப் பேசியிருக்கக் கூடாதுங்காவ. எந்தப் பயன்னு எனக்கு என்ன தெரியும்?”

1981 பொங்கல் படம் வந்த நாலாம் நாள் அண்ணாச்சி என்னை வழிமறித்தார். கையில் என் சைக்கிள் இருந்தது. தரவில்லை.

“தம்பி, ஒண்ணு கேக்கணும். போன வருசம் எஸ்டேட்டுப் படத்துல சித்ரமாலினி அழுதால்லா?”

“ஆமா. அதுக்குத்தான இப்பப் பரிசு குடுத்திருக்கான்.”

“கோர்ட்டுப் படத்துல வேற ஒரு புள்ள அழுதா. இப்ப ஓடுததுல மூணாவதா ஒரு புள்ள அழுதா. மூணும் ஒரே அழுகை.”

“அழுகை எல்லாம் ஒரே மாதிரிதான அண்ணாச்சி இருக்கும்.”

“நீ கண்ணால பாக்கே, அதனால அப்படிச் சொல்லுதே. நல்லாக் கேளு. இந்தப் பொம்பள மொதல்ல மூச்ச இழுத்து முழுங்குதா. அழக்கூடாதுன்னு பாக்கா. முடியாமத்தான் அழுதா. மூணு படத்துலயும் அப்படித்தான்.”

எனக்குத் தெரிந்த விஷயம்தான் இது. வெளிமாநிலத்திலிருந்து வருகிற நடிகைகளுக்குத் தமிழ் வராது, திரைக்குப் பின்னால் வேறொருவர் பேசுவார் என்று நோட்டில் எங்கோ குறித்தும் வைத்திருந்தேன். ரொம்பப் பெரிய மனுஷன் போல அவருக்கு விளக்கினேன். அவர் நடை நின்றது.

“அப்ப எழுத்துப் போடும்போது அந்தப் பொம்பள பேரப் போடுவானுவல்லா? என்ன பேரு?”

“போடமாட்டான் அண்ணாச்சி.”

“பாட்டுப் பாடுனவளுக்குப் போடுதான். சண்டை போட்டவனுக்குப் போடுதான். தலைக்குப் பூ வச்சவளுக்குக்கூடப் போடுதான்னு நீதான சொன்னே. அழுதவளுக்குப் போடலியா?”

அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. பிடித்தது பிடித்ததுதான். அடுத்த நாளே கார்டு போட்டார்: இந்த மூன்று படத்திலும் பேசி அழுத அம்மாவின் பெயர் என்ன? திரைக்கொடியில் வாசகர் கேள்விக்குப் பதில் சொல்கிறவருக்குக் ‘கொடிமாமா’ என்று பெயர். கொடிமாமா பதில் இப்படி வந்தது: ‘மூன்றும் வேறு வேறு நடிகைகள், வேறு வேறு குரல்கள். அன்பர் பீ.மை. குற்றாலத்தில் அடிக்கடி தலையைக் காட்டவேண்டாம். காதுக்குள் தண்ணீர் போயிருக்கிறது.’

ஊருக்கு இது போதாதா? டீக்கடையில் வாசித்தார்கள், சலூனில் வாசித்தார்கள். ஸ்டாண்டுக்கு வருகிறவன் எல்லாம் சைக்கிளை விடும்போதே, “அண்ணாச்சி, காதுல தண்ணி வத்திட்டா?” என்று கேட்டுவிட்டுப் போனான். வழக்கமாக வாய்க்கு வாய் பதில் சொல்கிற மனுஷன், சைக்கிளுக்கான தகரச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் போட்ட ஐந்து கார்டில் ஒன்றும் வெளிவரவில்லை. புதன்கிழமை மதுரை பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு வரும். நான் வாங்கிப் பிரிப்பதற்குள் அவர் என் தோளுக்கு மேலே நின்றுகொண்டிருப்பார்.

“பேரு தெரிஞ்சா போதும் தம்பி. அச்சுல ஒருக்கா அந்தப் பேரு வந்துட்டா நான் பேசாம இருந்துருவேன்.”

ஜூன் மாசம் அவர் மச்சான் சேக் தாவூது அபுதாபியிலிருந்து லீவில் வந்தார். கூடவே பெரிய டேப்ரிக்கார்டர். அண்ணாச்சியின் தங்கச்சி மெஹர் பானுவும் தாவூதும் அதுவரை கேசட்டில்தான் பேசிக்கொள்வார்கள். அந்தத் தெருவில் பாதி வீட்டில் அப்படித்தான். புருஷன் அங்கிருந்து ஒரு கேசட் முழுக்கப் பேசி, ஊருக்கு வருகிற ஆள் கையில் கொடுத்துவிடுவார். மனைவி, பிள்ளைகள், மாமியார் எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்டுவிட்டு, பதிலைப் பேசி அடைத்து அனுப்புவார்கள். கேசட்டில் குரலைக் கேட்டே, “இவுகளுக்குக் காய்ச்சல் போல இருக்கே” என்று மெஹர் பானு கண்டுபிடித்த கதையெல்லாம் உண்டு. அந்தக் குடும்பத்துக்குக் காது கொஞ்சம் கூடுதல்தான்.

அண்ணாச்சி அந்தப் பெட்டியை இரவல் வாங்கினார். குற்றாலச் சீசன் கூட்டத்துக்காக எங்கள் டாக்கீஸில் கோர்ட்டுப் படத்தை மறுபடி போட்டிருந்தார்கள். ஸ்டூல் மேல் ஏறி, சுவர் ஓட்டைக்குள் பெட்டியைச் செருகி, அழுகை வருகிற இடத்தில் பட்டனை அமுக்கினார். பொங்கல் படம் அப்போது செங்கோட்டையில் ஓடியது. எஸ்டேட் படம் பண்பொழிக் கொட்டகைக்கு வந்திருந்தது. இந்த இரண்டுக்கும் அவர் போன இரண்டு சாயங்காலமும் ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டது யார்? நான்தான். தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட், தகரச் சீட்டோடு. என் ஆபீஸ் சூப்பிரண்டு சைக்கிளை விட வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சீட்டை வாங்கிக்கொண்டு போனார்.

பண்பொழியிலிருந்து திரும்பியதும் கேட்டேன்: “அங்கன ஸ்டாண்டு இல்ல, ஒண்ணும் இல்ல. உள்ள போயிப் பாத்திருக்கலாம்லா?”

“பாத்தா மூஞ்சிதான் தெரியும். மூஞ்சியோட உக்காந்துட்டா குரல் எங்கன கேக்கும்? படுதாவுக்கு வெளிய நின்னுதான் புடிச்சேன்.”

அவர் வீட்டில் உட்கார்ந்து கேட்டோம். அதாவது நான் உட்கார்ந்தேன், அவர் நடந்தார். மூன்று அழுகையும் ஒன்றன்பின் ஒன்றாக. முதல் தடவை எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை கண்ணை மூடச் சொன்னார். மூடினேன். அந்த மூச்சு வந்தது. அடுத்த படத்திலும் வந்தது. அடுத்ததிலும். அந்த மூன்று படத்தையும் இரண்டிரண்டு தடவை பார்த்தவன் நான். கதவோரமாக நின்ற நூருன்னிசா சொன்னார்கள்: “ஒரே பொம்பளதான். மூணு மட்டம் தாலியறுத்திருக்கா, பாவம்.”

கேசட்டோடு ஒரு கடிதமும் போக வேண்டும். “கையில எழுதினா திரும்பவும் கேலி பண்ணுவான் அண்ணாச்சி. டைப் அடிச்சு அனுப்புனாத்தான் மதிப்பான்” என்று நான்தான் சொன்னேன். ஆபீஸ் தமிழ் மிஷினில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அடித்தேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: ‘இந்த மூன்று அழுகையும் ஒரே அம்மாவுடையது. கேட்டால் தெரியும். அந்த அம்மாவின் பெயரைத் தயவுசெய்து போடவும்.’

மூன்றே வரி. பக்கத்தில் பாக்கி இடம் வெள்ளையாகக் கிடந்தது. எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை இப்படி மொட்டையாகவா அனுப்புவது? நாலாவது வரி ஒன்றை நானாகச் சேர்த்தேன்: ‘சித்ரமாலினி வாங்கிய பரிசில் பாதி அந்த அம்மாவுக்குச் சேர வேண்டும், மீதிப் பாதியும் சந்தேகம்தான்.’ அடித்து முடித்து நானே இரண்டு தடவை வாசித்து ரசித்தேன். அண்ணாச்சியிடம் கையெழுத்துக்குக் கொண்டுபோனபோது மாட்டினி விட்டிருந்தது. நூறு பேர் சைக்கிளுக்கு நெருக்கிக்கொண்டு நின்றார்கள். அவர் வாசிக்காமலேயே போட்டுக் கொடுத்தார். அவர் வாசிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாங்கிக்கொண்டு போனேன்.

ஆகஸ்ட் கடைசியில் வந்தது. கார்டு பக்கத்தில் இல்லை, நடுப்பக்கத்தில். ‘பாதிப் பரிசு யாருக்கு? தென்காசி ரசிகரின் சவுக்கடி!’ என்று கொட்டை எழுத்து. ஒரு பெண்ணின் படம். நாற்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடி. சென்னையில் ஏதோ ஒரு மாடிப்படிக்குக் கீழே, படம் எடுக்கிறவனைத் தடுப்பதா வேண்டாமா என்கிற மாதிரி கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். பெயர் திருமதி அகிலாண்டம். பதினாலு வருஷமாகப் பின்னணி பேசுகிறவர். நிருபர் போய்க் கேட்டதற்கு, ‘எனக்கு எதுக்குங்க இதெல்லாம்’ என்று மட்டும் சொல்லியிருந்தார்.

நான் பத்திரிகையைத் தலைக்கு மேலே ஆட்டிக்கொண்டே ஸ்டாண்டுக்கு ஓடினேன். அண்ணாச்சி வாங்கி முதலில் அந்தப் பெயரைத்தான் படித்தார். “அகிலாண்டம்” என்றார். திரும்பவும் “அகிலாண்டம்” என்றார். முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் தலைப்பைப் படித்தார். அடியில் கட்டம் போட்டு என் நாலாவது வரியை, அவர் பெயரோடு, அப்படியே அச்சடித்திருந்தார்கள்.

“இது யாரு எழுதினா?”

“ஒரு இதுக்காகச் சேத்தேன் அண்ணாச்சி. இல்லைன்னா போட்டிருக்க மாட்டான்.”

“நான் அந்த அம்மா பேரத்தான் கேட்டேன். நீ என் பேரச் சொல்லி அவளச் சண்டையில இழுத்து விட்டுட்டியே.”

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கோபம்தான் வந்தது. இந்த மனுஷனுக்கு நல்லது செய்தாலும் குற்றம் என்று முனகிக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அவர் சொன்னபடிதான் ஆயிற்று. அடுத்த வாரம் சித்ரமாலினி ரசிகர்கள் இரண்டு பக்கம் முழுக்க அகிலாண்டத்தை ஏசி எழுதினார்கள். அதற்கடுத்த வாரம் சித்ரமாலினியின் அறிக்கை: இனி என் படங்களில் என் சொந்தக் குரல்தான். மற்ற நடிகைகளும் பயந்துகொண்டார்கள். யாருக்கு அந்தக் குரல் வந்தாலும், இது சொந்தக் குரல் இல்லை என்று ஊருக்கே தெரிந்துபோகுமே! தீபாவளிக்கு வந்த மூன்று படத்திலும் அந்தம்மா இல்லை. ஜனவரியில் கிசுகிசுப் பக்கத்தில் ஒரு வரி: ‘குரல் அம்மையாருக்கு இப்போது அழக்கூட வாய்ப்பில்லையாம்.’ எழுதியவன் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பான். நானும் அப்படித்தானே எழுதினேன்.

அண்ணாச்சி கார்டு எழுதுவதை நிறுத்தினார். பத்திரிகை ஆபீஸ் முகவரிக்கு அந்தம்மா பெயர் போட்டு ஒரு மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். பதில் வரவில்லை. போய்ச் சேர்ந்ததா என்றே தெரியாது. புதுப்படம் வருகிற ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முதல் ஆட்டத்துக்குச் சுவரோடு சுவராக நிற்பார். நடை கிடையாது. இடைவேளையில் நான் வெளியே வந்தால் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் இடவலமாக ஆட்டுவார். இல்லை. அடுத்த படம். இல்லை. கதாநாயகி, அவளுடைய தங்கை, தோழி, ஆஸ்பத்திரி நர்ஸ், ஒருவரிலும் இல்லை. இப்படி இரண்டரை வருஷம்.

என்னை ஒரு வார்த்தை வையவில்லை. வைதிருந்தால் தேவலை. வழக்கம்போல என் சைக்கிளை வாங்கி நிறுத்துவார், சீட்டைக் கொடுப்பார். வீட்டில் யாராவது உடம்பு சரியில்லாமல் கிடக்கும்போது வருகிற ஒரு பரபரப்பு இருக்குமே, ஆபீஸில் இருந்தாலும், குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்தாலும் அது என் கூடவே வந்துகொண்டிருந்தது. எழுதலாம் என்று பேனாவை எடுப்பேன். ‘சிகரம்’ என்று எழுதியதும் அந்தம்மா கையைத் தூக்கிக்கொண்டு நின்றது ஞாபகம் வரும். மூடி வைத்துவிடுவேன். ஒரு ஆளுடைய பிழைப்பை ஒரே வரியில் கெடுத்திருக்கிறேன், அதுவும் ரசிகன் என்கிற பெயரில். வெட்கமாக இருந்தது.

1984 ஜூன். சாரல் விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், நாலு மணிக்கு, அண்ணாச்சி தாலுகா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. மாட்டினி ஓடுகிற நேரம் அது.

“ஸ்டாண்டுல யாரு அண்ணாச்சி?”

“யாரும் இல்ல. வா. இருக்கா.”

எப்படி எழுந்து போனேன், யாரிடம் சொல்லிவிட்டுப் போனேன் என்று ஞாபகம் இல்லை. நனைந்துகொண்டே மிதித்தோம். ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் என்னைச் சுவரோடு சேர்த்து நிறுத்தினார். கதாநாயகி பேசுவது கேட்டது. அது அகிலாண்டத்தின் குரல் இல்லை. மாமியார் பேசினாள். அதுவும் இல்லை. பிறகு ஒரு சின்னப் பையன், ஐந்து வயசு மதிக்கலாம், ‘அப்பா எப்ப வருவாங்க?’ என்றான். யாரோ ஏதோ சொன்னார்கள். ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம் அந்த மூச்சு.

“பையனுக்குப் பேசுதா தம்பி! சின்னப் பயலுக்குப் பேசுதா! இந்த மூணு வருசமா நானும் பொம்பளக் குரல்லயே தேடிட்டு நின்னுருக்கேன், மடையன்!” அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. சாரல் என்று சொல்ல முடியாது, நாங்கள் கூரைக்குள் நின்றோம்.

“நீ உள்ள போயிப் பாத்துட்டு வா. வாய் அசையுதது அந்தப் பயதானான்னு பாரு.”

போனேன். அந்தப் பையன்தான். கொழுகொழு என்று இருந்தான். வாசல்படியில் உட்கார்ந்து அழுதான். பெண்கள் பக்கம் முழுக்க முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. ஒருத்தருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை. வெளியே வருவதற்குள் என் மண்டைக்குள் தலைப்பு ஓட ஆரம்பித்துவிட்டது. ‘தொலைந்த குரல் கிடைத்தது!’ பிறவிக் குணம்.

“அண்ணாச்சி, இதை உடனே எழுதணும். அந்தம்மா திரும்ப வந்துட்டாங்கன்னு...”

சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அவர் என் மேல் கை வைத்தது அந்த ஒரு தடவைதான்.

“எழுதுவியாலே? எழுதுவியா? இந்தச் சோத்துலயும் மண்ணள்ளிப் போடணுமா ஒனக்கு?”

பிறகு விட்டார். சைக்கிள் வரிசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். திரும்பி வந்தார். மறுபடி நடந்தார். நான் கசங்கின சட்டையோடு நின்றேன்.

“ஆனா எழுதாம இருக்க முடியல தம்பி” என்றார். “எப்படி அழுதிருக்கா பாத்தியா? இதக் கேட்டுட்டு ஒருத்தன் எப்படிச் சும்மா இருக்க?”

“பின்னே என்ன செய்ய?”

“பையனப் பத்தி எழுது.”

“என்ன?”

“அந்தப் பய நல்லா அழுதான்னு எழுது. அவனப் பாராட்டு. அவனுக்கு நாலு படம் வந்தா அவளுக்கும் நாலு படம் வரும்லா? என் பேரு வேண்டாம். என் பேரப் பாத்தா கொடிமாமா மோப்பம் புடிச்சுருவான். ஒன் பேரப் போட்டுக்கோ.”

மறுநாள் மத்தியானம் அவரும் ஆபீஸுக்கு வந்தார். மிஷினுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு வரியாகச் சொன்னார். அவர் சொன்னதை மட்டும் அடித்தேன்.

‘இந்தப் படத்தில் வரும் சிறுவனைப் பாராட்டுகிறேன். அப்பா வராத வாசலில் அவன் அழுகிற இடம், தமிழ்ப் படங்களில் நான் கேட்ட அழுகைகளிலேயே உயர்ந்தது. அவன் முதலில் அழாமல் இருக்கப் பார்க்கிறான். முடியவில்லை. அதனால்தான் நமக்கும் முடியவில்லை. இந்தப் பிள்ளையை நிறையப் படங்களில் போட வேண்டும்.’

தாளை உருவிக் கொடுத்தேன். விரலை வைத்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தார். என்னை நம்பவில்லை. நம்பாதது நியாயம்தான். இரண்டாம் தடவை வாசிக்கும்போது ஒரு இடத்தில் விரல் நின்றது.

“இங்கன ‘கேட்ட’ன்னு இருக்கு. அத அடிச்சிட்டு ‘பாத்த’ன்னு போடு.”

“நீங்க சொன்னதுதான அண்ணாச்சி?”

“நான்தான் சொன்னேன். ஆனா கேட்டேன்னு சொன்னா குரல் ஞாபகம் வந்துரும். பாத்தேன்னே போடு.”

எனக்குத் தெரிந்து அவர் எழுதிய எத்தனையோ கார்டுகளில், பொய் என்று இருந்தால் அது அந்த ஒரு வார்த்தைதான். புதுத் தாள் போட்டு அடித்தேன்.

மூன்று வாரத்தில் வந்தது. அந்த வாரத்தின் சிறந்த கடிதம். பையனின் புகைப்படம், கன்னத்தில் பொட்டோடு. அடியில் ‘தென்காசி சம்பந்தன்’. என் வாழ்க்கையிலேயே என் பெயரில் வந்த நல்ல எழுத்து அதுதான். அதில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை. டீக்கடையில் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். “இப்பத்தாம்ல நீ எழுதப் படிச்சிருக்கே” என்றார் சூப்பிரண்டு. வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் கடிதத்தால்தான் என்று சொல்ல மாட்டேன், தமிழ்நாடு முழுக்க அந்தப் பையனுக்காக அழுதது. தீபாவளிக்கு அவன் நடித்த அடுத்த படம் வந்துவிட்டது. முதல் ஆட்டம் தொடங்கியபோது நான் உள்ளே போகவில்லை. அண்ணாச்சியோடு சுவர்ப் பக்கமே நின்றேன். கால் மணி நேரம் பெரியவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். வேறு யாரையாவது போட்டிருந்தால்? பிறகு அந்தப் பையன் வந்தான். எதற்கோ சிரித்தான். அழவில்லை, சிரித்தான். அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவதான். சிரிக்கா தம்பி. இதுவரைக்கும் அவ சிரிச்சு நான் கேட்டதே இல்ல. அந்த அம்மாவுக்கு வேலை இருக்கு தம்பி, வேலை இருக்கு.”

அவர் அழுதார். நானும்தான் அழுதேன், மறைப்பானேன்? மூன்று வருஷமாகச் சுமந்த பாரம் இறங்கிவிட்டது. இனி இந்த மனுஷன் அந்த ஸ்டூலில் ஒரு தடவையாவது உட்காருவார் என்று நினைத்தேன். இடைவேளை மணி அடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. மறுபடி நடக்க ஆரம்பித்துவிட்டார்.

“இப்ப என்ன அண்ணாச்சி?”

“பய வளந்துருவானே” என்றார். “இப்பவே ஆறு வயசு. இன்னும் மூணு வருசம் தாங்குவானா? அதுக்கப்புறம் அவ என்ன செய்வா?”

“வேற பிள்ளை வரும் அண்ணாச்சி.”

“வரணும்” என்று சொல்லிவிட்டு, சைக்கிள் வரிசைக்குள் நடந்துகொண்டே இருந்தார்.